வீட்டு நீச்சல் குளம் அமைத்தல்: வேலூர் – ஆம்பூர் வட்டாரத்தில் கவனிக்க வேண்டியவை

வீட்டு நீச்சல் குளம் என்பது வீட்டு மனைக்குள் தரையைத் தோண்டி, நீர்க்கசிவு இல்லாத தொட்டி கட்டி, நீரை வடிகட்டியும் கிருமி நீக்கியும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் அமைப்பு ஆகும். நீர் ஓடிக்கொண்டிராமல் ஒரே இடத்தில் சுழல்வதால் ஆறு, கிணறு, கோயில் குளம் ஆகியவற்றிலிருந்து இது வேறுபடுகிறது.

பொதுவாக நீச்சல் குளம் கட்ட நினைப்பவர்கள் முதலில் இடத்தையும் செலவையும் பார்ப்பார்கள். வேலூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். அது எங்கிருந்து வரும், அதில் என்ன கரைந்திருக்கிறது, பயன்படுத்திய பின் எங்கே போகும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே மண்ணில் கடப்பாரை இறங்க வேண்டும். அதற்கான காரணங்களையும் கட்டுமான முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வட்டாரத்தின் பின்னணி

பாலாறு கர்நாடகத்தில் தோன்றி, ஆந்திரம் வழியாக வாணியம்பாடிக்கு அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. ஆண்டின் பெரும்பகுதி ஆற்றில் மணல்தான் தெரியும். எனினும் மணலுக்கு அடியில் ஓடும் ஊற்று நீரே நெடுங்காலம் இப்பகுதியின் குடிநீராகவும் பாசன நீராகவும் இருந்தது. இன்று 60 வயதைக் கடந்தவர்களில் பலர் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு வயல் கிணற்றில் குதித்து நீச்சல் கற்றவர்கள்.

அதே ஊற்று நீரை நம்பித்தான் தோல் பதனிடும் தொழிலும் இங்கே வளர்ந்தது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதில் உப்பு தடவுவார்கள். பதனிடும்போது அந்த உப்பு முழுவதும் கழுவப்பட்டு நீரில் சேரும். அதன்பின் சுண்ணாம்பு, சல்பைடு, குரோமிய உப்புகள் போன்றவை சேர்க்கப்படும். இந்தக் கழிவுநீர் பல ஆண்டுகள் நிலத்திலும் ஓடைகளிலும் ஆற்றிலும் விடப்பட்டது.

இதனை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வு முடிவும், ஒரு கிலோ தோலைப் பதனிட சுமார் 35 லிட்டர் நீர் தேவை என்ற விவரமும் அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளன. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும், தீங்கு நேருமுன் தடுக்க வேண்டும் என்ற இரு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. இதே சிக்கல் பற்றி 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. அதாவது இது முடிந்துபோன கதை அல்ல.

இப்போது பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. ஆனால் ஏற்கெனவே நிலத்துக்குள் இறங்கிய உப்பு எளிதில் வெளியேறுவதில்லை. வேலூர், ஆம்பூர் போன்ற நகரங்களுக்கு மேட்டூரிலிருந்து காவிரி நீரைக் குழாய் வழியாகக் கொண்டுவர நேர்ந்ததை நினைத்துப் பார்த்தால், இங்கே நல்ல தண்ணீரின் அருமை விளங்கும்.

எவ்வளவு தண்ணீர் தேவை?

ஒரு நடுத்தரக் குளத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 1.35 மீட்டர்.

கொள்ளளவு: 8 × 4 × 1.35 = 43.2 கன மீட்டர், அதாவது 43,200 லிட்டர்.

12,000 லிட்டர் டேங்கர் லாரியில் வாங்கினால் நான்கு நடை வேண்டும். குழாய் நீரும் பாதாளச் சாக்கடையும் உள்ள நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களுக்கான நடுவண் அரசின் அளவுகோல். அதன்படி நால்வர் கொண்ட குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 540 லிட்டர். ஒருமுறை குளத்தை நிரப்பும் நீர் அக்குடும்பத்துக்கு 80 நாள் வரும்.

நிரப்பியதோடு செலவு முடிவதில்லை. வெயிலில் நாளொன்றுக்குச் சராசரியாக 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று கொள்வோம். 32 சதுர மீட்டர் பரப்பில் இது 160 லிட்டர். வீட்டில் கூடுதலாக ஓர் ஆள் வசிப்பது போன்ற செலவு இது. அக்னி நட்சத்திர நாட்களில் இன்னும் கூடும். பயன்படுத்தாத நேரத்தில் குளத்தின் மேல் மிதக்கும் விரிப்பைப் போட்டு வைத்தால் இந்த இழப்பில் பெரும்பகுதியைத் தடுக்கலாம்.

தண்ணீர்ப் பரிசோதனை

குளத்துக்கு நம்பியிருக்கும் கிணறு அல்லது போர்வெல் நீரை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்க வேண்டும். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை எனச் சோதிப்பது நல்லது. கேட்டுப் பெற வேண்டிய அளவுகள் இவை:

1. கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள் (டி.டி.எஸ்.). குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது.

2. கடினத்தன்மை. இது மிகுந்தால் ஓடுகளிலும் குழாய்களிலும் வெள்ளைப் படிவு ஏறும்.

3. குளோரைடும் சல்பேட்டும். இவை குளத்து நீருக்கு மட்டுமன்றிக் கட்டுமானத்துக்கும் முக்கியம்.

4. குரோமியம். குடிநீரில் இதன் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். நீந்துபவர்கள், குறிப்பாகக் குழந்தைகள், சிறிதளவாவது தண்ணீரை விழுங்குவார்கள். ஆகவே இந்த வரம்பைக் குளத்து நீருக்கும் பொருத்திப் பார்ப்பதே பாதுகாப்பு. தொழிற்சாலைகளுக்கு அருகிலும், குரோமேட் கழிவு குவிந்து கிடக்கும் இராணிப்பேட்டைப் பகுதியிலும் இச்சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

நீச்சல் குள நீருக்கென ஐ.எஸ். 3328 என்ற தனித் தரநிலையும் உள்ளது. ஆய்வகத்தில் அதன் பெயரைச் சொல்லியே கேட்கலாம்.

இடமும் மண்ணும்

மரநிழல் விழாத, வீட்டிலிருந்து பார்வைக்குத் தெரியும் இடமே ஏற்றது. கழிவுநீர்த் தொட்டி, உறை கிணறு, வீட்டு அடித்தளம், எல்லைச் சுவர் ஆகியவற்றிலிருந்து எவ்வளவு தள்ளித் தோண்டலாம் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் சொல்ல வேண்டும். உள்ளாட்சி அலுவலகத்தில் வரைபட அனுமதி பற்றி முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வதும் அவசியம்.

இவ்வட்டாரத்தில் மூன்று வகை நிலம் காணப்படும். மலையடிவாரங்களில் சில அடி ஆழத்திலேயே பாறை தட்டும். அங்கே வெடி வைக்க எண்ணாமல் பிரேக்கர் பொருத்திய இயந்திரத்தால் உடைக்க வேண்டும், செலவு கூடும். ஏரிப் பாசனப் பகுதிகளில் களிமண் இருக்கும். அது மழையில் உப்பி, வெயிலில் சுருங்கித் தொட்டியில் விரிசல் உண்டாக்கும். பாலாற்றங்கரையில் மணல் மண். தோண்டுவது எளிது, ஆனால் பக்கங்கள் சரியும். மழைக்காலத்தில் ஊற்றும் மேலே ஏறும். ஆகவே நினைத்த ஆழத்துக்கு மேல் ஒரு மீட்டராவது சோதனைக் குழி தோண்டிப் பார்த்த பிறகே வரைபடத்தை முடிவு செய்ய வேண்டும்.

கட்டுமான முறை

தொட்டி நிறைந்திருக்கும்போது நீர் சுவரை வெளிப்பக்கம் தள்ளும். காலியாக இருக்கும்போது ஈர மண் சுவரை உள்பக்கம் தள்ளும். இரண்டையும் தாங்க வேண்டியிருப்பதால் வெறும் செங்கல் சுவர் போதாது. கம்பி கட்டிய கான்கிரீட் தொட்டியே நம்பத்தக்கது. நீர்த்தேக்கத் தொட்டிகளுக்கான ஐ.எஸ். 3370 தரநிலையின்படி, எம் 30 தரக் கான்கிரீட்டில் பொறியாளர் வடிவமைத்துக் கொடுக்க வேண்டும்.

தேங்கிய திரவத்தின் விசையைக் குறைத்து மதிப்பிட்டால் என்ன ஆகும் என்பதை இவ்வட்டாரம் கண்டிருக்கிறது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 10 தொழிலாளர்கள் இறந்தனர். அது வீட்டுக் குளம் அன்று. தரைக்கு மேல் எழுப்பிய பெரிய தொட்டி. ஆனாலும் சுவருக்குக் கணக்கு வேண்டும் என்ற பாடம் இரண்டுக்கும் ஒன்றே.

வேலையின் வரிசை பின்வருமாறு:

1. பொக்லைன் கொண்டு தோண்டி, அடித்தளத்தைத் திமிசு போட்டு இறுக்குதல்.
2. ஜல்லி பரப்பி, அதன்மேல் மெல்லிய கான்கிரீட் படுகை போடுதல்.
3. அடிப்பக்க வடிகால், நீர் திரும்பும் குழாய்கள், விளக்குக் குழிகள் ஆகியவற்றைக் கம்பி கட்டும்போதே பொருத்துதல்.
4. தளத்தையும் சுவரையும் வார்த்தல். இரண்டும் சேரும் இணைப்பில் நீர்த்தடுப்புப் பட்டை வைத்தல்.
5. கோணிச்சாக்கைப் போர்த்தி, குறைந்தது 14 நாள் ஈரம் காயாமல் காத்தல்.
6. சுவருக்கு வெளியே மண் நிரப்பும் முன் தொட்டியில் நீர் விட்டுக் கசிவைச் சோதித்தல்.
7. நீர்க்காப்புப் பூச்சும் ஓடும் பதித்தல்.

கசிவைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு வாளியில் நீர் நிரப்பிக் குளத்தின் படியில், பாதி மூழ்கும்படி வைக்க வேண்டும். வாளியிலும் குளத்திலும் நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு ஒரு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது ஆவியானது. குளத்தில் மட்டும் அதிகம் குறைந்திருந்தால் கசிவு.

மேஸ்திரிகள் வழக்கமாக வீட்டுப் போர்வெல் நீரிலேயே கான்கிரீட் கலப்பார்கள். இங்கே அது ஆபத்தாகலாம். கம்பியுள்ள கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஐ.எஸ். 456 வரையறுக்கிறது. மீறினால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, சில ஆண்டுகளில் கான்கிரீட் பிளக்கும். பரிசோதனை அறிக்கையில் குளோரைடு கூடுதலாக இருந்தால் கலவைக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் வாங்க வேண்டும்.

காலிக் குளம் மிதக்கும்

கப்பல் மிதப்பது போலவே கான்கிரீட் தொட்டியும் மிதக்கக்கூடும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நம் எடுத்துக்காட்டுக் குளத்தின் தளமும் சுவரும் 15 சென்டிமீட்டர் தடிப்பு என்று கொண்டால் தொட்டியின் எடை ஏறத்தாழ 26 டன். அதன் அடிப்பரப்பு தரையிலிருந்து 1.5 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மழையில் நிலத்தடி நீர் தரைக்கு அரை மீட்டர் கீழே வரை ஏறினால், தொட்டியின் அடிப்பாகம் 1 மீட்டர் நீரில் நிற்கிறது. ஆர்க்கிமிடீஸ் விதிப்படி மேல்நோக்கிய விசை சுமார் 36 டன். குளம் நிறைந்திருந்தால் உள்ளிருக்கும் 43 டன் நீர் தொட்டியை அழுத்திப் பிடிக்கும். காலியாக இருந்தால் தொட்டி மேலெழும் அல்லது தளம் வெடிக்கும்.

பாலாறு வறண்டே கிடக்கிறது என்று இதை அலட்சியம் செய்யக்கூடாது. 1903 நவம்பரில் வாணியம்பாடியைச் சீரழித்த வெள்ளமும், 2021 நவம்பரில் வந்த பெருவெள்ளமும் இதே ஆற்றில்தான் வந்தன. ஆகவே தளத்தில் நீரழுத்தம் தணிக்கும் வால்வு வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கழுவுவதற்காகக் குளத்தைக் காலி செய்யக்கூடாது.

வடிகட்டலும் கிருமி நீக்கலும்

நீர் முழுவதும் 8 மணி நேரத்தில் ஒருமுறை மணல் வடிகட்டி வழியாகச் சென்று திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மோட்டாரின் திறன் மணிக்கு 43,200 ÷ 8 = 5,400 லிட்டர்.

கிருமி நீக்கக் குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் இருக்க வேண்டும். காரகாடித்தன்மை, அதாவது பி.எச். மதிப்பு 7.2 முதல் 7.8 வரை இருந்தால்தான் குளோரின் நன்கு வேலை செய்யும், கண்ணும் எரியாது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டுமெனில் மொத்தம் 86 கிராம் தேவை. 30 சதவீதக் குளோரின் தரும் பிளீச்சிங் பவுடரில் இது சுமார் 290 கிராம். பவுடரை வாளி நீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் மாலையில் ஊற்ற வேண்டும். குளோரின் மருந்தையும் அமிலத்தையும் ஒருபோதும் சேர்க்கக்கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

பராமரிப்பின்றி விட்ட குளம் கொசு வளரும் தொட்டியாகிவிடும். ஒரு மாதம் ஊருக்குப் போனாலும் மோட்டார் நாள்தோறும் ஓட ஏற்பாடு வேண்டும்.

உப்பு எங்கே போகும்?

போர்வெல் நீரின் டி.டி.எஸ். 2,000 என்று கொள்வோம். லிட்டருக்கு 2 கிராம். குளம் நிரம்பும்போதே அதில் 86.4 கிலோ உப்புகள் கரைந்திருக்கின்றன. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு ஆவியாவதில்லை. நாள்தோறும் ஈடுகட்டி ஊற்றும் 160 லிட்டர் நீர் மேலும் 320 கிராம் உப்பைக் கொண்டுவருகிறது. 270 நாட்களில் குளத்தின் உப்பு இரு மடங்காகும். மழையும் வடிகட்டியைக் கழுவுவதும் இந்த வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது.

வடிகட்டியை எதிர்த்திசையில் 3 நிமிடம் கழுவினால் 270 லிட்டர் உப்பு நீர் வெளியேறும். முழுக்குளத்தையும் மாற்றினால் 43,200 லிட்டர். இதை எங்கே விடுவது? தோட்டத்தில் விட்டால் மண்ணில் உப்புத் தங்கும். மழைநீர்ச் சேகரிப்புக் குழியில் விட்டால் நேரே நிலத்தடி நீரில் சேரும். பக்கத்து வீட்டுக் கிணறும் கெடும். தோல் தொழிற்சாலைகள் செய்த தவற்றை வீட்டளவில் மீண்டும் செய்வதாக அது முடியும்.

இதனால் இப்பகுதியில் மூன்று விதிகளைக் கடைப்பிடிப்பது நல்லது. முதலாவது, மழைநீர்க் குழியோடு குளத்தின் எந்தக் குழாயையும் இணைக்கக்கூடாது. இரண்டாவது, கழுவிய நீரைத் தனித் தொட்டியில் ஓரிரு நாள் திறந்து வைத்துக் குளோரின் அகன்றபின் கழிப்பறைக்கோ, உப்பைத் தாங்கும் தென்னைக்கு அளவாகவோ பயன்படுத்த வேண்டும். மூன்றாவது, விளம்பரங்களில் வரும் உப்பு நீர்க் குளோரின் கருவிகளைத் தவிர்க்க வேண்டும். அவற்றுக்கு லிட்டருக்கு சுமார் 3 கிராம் உப்பு வேண்டும். நம் குளத்துக்கு 130 கிலோ உப்பை நாமே கொட்ட வேண்டியிருக்கும்.

மழைநீர் என்ற வழி

தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். 100 சதுர மீட்டர் மாடியில் ஆண்டுக்கு சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் 80 சதவீதத்தைப் பிடித்தால் 80,000 லிட்டர் கிடைக்கும். குளத்தை நிரப்பவும் ஓரளவு ஈடுகட்டவும் இது போதும். முதல் மழையின் அழுக்கு நீரை விலக்கிவிட்டு, மணல் வடிகட்டி வழியாகச் சேமிக்க வேண்டும்.

மழைநீரில் சுண்ணாம்புச் சத்து இல்லாததால் அது தனியாக நின்றால் சிமெண்டுப் பூச்சை அரிக்கும். போர்வெல் நீரை ஒரு பங்கும் மழைநீரை மூன்று பங்கும் கலந்தால் அரிப்பும் குறையும், உப்பும் குறையும். 2,000 டி.டி.எஸ். நீருடன் 50 டி.டி.எஸ். மழைநீரை இப்படிக் கலந்தால் கிடைப்பது சுமார் 540. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரப்பி, பங்குனி முதல் ஆவணி வரை நீந்துவதே இவ்வட்டாரத்துக்குப் பொருந்தும் திட்டம்.

உயிர்ப் பாதுகாப்பு

சிறு குழந்தை நீரில் மூழ்கும்போது பெரும்பாலும் சத்தம் எழுவதில்லை. குளத்தின் நான்கு பக்கமும் குறைந்தது 1.2 மீட்டர் உயர வேலியும், தானே மூடிக்கொள்ளும் கதவும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் இவை சட்டப்படி கட்டாயம். இங்கே கட்டாயப்படுத்துவார்களா என்று காத்திருக்கத் தேவையில்லை.

அடிவடிகால் ஒன்றே ஒன்று இருந்தால் மோட்டாரின் உறிஞ்சும் விசை தலைமுடியையோ கை கால்களையோ பற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் இப்படி ஒரு சிறுமி இறந்ததைத் தொடர்ந்து 2007-இல் தனிச் சட்டமே வந்தது. இடைவெளி விட்டு இரண்டு வடிகால்களும், குவிந்த பாதுகாப்பு மூடிகளும் பொருத்த வேண்டும். நீருக்கடி விளக்குகள் 12 வோல்ட்டில் இயங்க வேண்டும். மோட்டார் இணைப்பில் 30 மில்லி ஆம்பியரில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கசிவுத் தடுப்பான் இருக்க வேண்டும்.

முடிவெடுக்கும் முன்

பரிசோதனையில் குரோமியம் வரம்பை மீறினால் அந்த நீரில் குளம் அமைக்கக்கூடாது. டி.டி.எஸ். மிக அதிகமாக இருந்து, மழைநீரைச் சேமிக்கவும் இடமில்லை என்றால் குளத் திட்டத்தைக் கைவிடுவதே சரி. குடிநீர்க் குழாயிலிருந்து குளத்தை நிரப்புவது, தெருவில் மற்றவர்கள் குடத்தோடு காத்திருக்கும் ஊரில் நியாயமாகாது.

ஆசையும் தேவையும் இருந்தால் அளவைக் குறைக்கலாம். 3 × 2 × 1.2 மீட்டர் அளவுள்ள சிறு குளத்துக்கு 7,200 லிட்டர் போதும். குழந்தைகள் நீரில் அச்சம் தெளியவும், முதியவர்கள் மூட்டுவலிக்கு நீரில் நடந்து பயிற்சி செய்யவும் அது உதவும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரே குளத்தைக் கட்டிப் பராமரிப்பது இன்னொரு வழி.

நீச்சல் எல்லாப் பிள்ளைகளும் கற்க வேண்டிய உயிர்காக்கும் கலை. கற்றுத் தந்த கிணறுகள் பல இடங்களில் உவர்த்துப்போனதால்தான் வீட்டுக்குள் குளம் கட்டும் எண்ணமே வருகிறது. புதிதாகக் கட்டும் குளம் மீதியுள்ள கிணறுகளையும் உவர்க்கச் செய்யாமல் பார்த்துக்கொள்வது, அதைக் கட்டுபவரின் கணக்கில் முதல் வரியாக இருக்க வேண்டும்.